நெல்லும் மின்சாரமும்: நெய்வேலியில் ஓர் ஏக்கரின் கணக்கு

பதினோராம் வகுப்புப் பொருளியல் பாடநூலைத் திறந்தால் தொடக்கத்திலேயே நான்கு இலக்கணங்கள் வரும். ஆடம் ஸ்மித்தின் செல்வ இலக்கணம், மார்ஷலின் நல இலக்கணம், லயனல் ராபின்ஸின் கிடைப்பருமை இலக்கணம், சாமுவேல்சனின் வளர்ச்சி இலக்கணம். இவற்றில் ராபின்ஸ் தம் 1932ஆம் ஆண்டு நூலில் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும்: மனிதரின் விருப்பங்களுக்கு எல்லையில்லை, அவற்றை நிறைவேற்றும் வளங்களுக்கு எல்லை உண்டு, அந்த வளங்களைப் பல வழிகளில் பயன்படுத்தலாம். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றை விட வேண்டும். விட்டுவிட்டவற்றுள் எது மிகச் சிறந்ததோ அதன் மதிப்புதான் வாய்ப்புச் செலவு. பேனா வாங்குவதா நோட்டு வாங்குவதா என்ற உதாரணத்தோடு மாணவர்கள் இதைக் கடந்துவிடுகிறார்கள்.

இந்தப் பாடத்தை நடத்தத் தமிழ்நாட்டில் மிகப் பொருத்தமான இடம் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. நெய்வேலியைச் சுற்றி மேலே பயிர், நடுவே பழுப்பு நிலக்கரி, அதற்கும் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர். மூன்றும் ஒரே ஏக்கரில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. நிலக்கரி வேண்டுமென்றால் மேலே உள்ளதை அகற்ற வேண்டும், கீழே உள்ளதை இறைக்க வேண்டும். பாடநூலில் வெள்ளைத் தாளில் வளைகோடாக வரையப்படும் தேர்வு இங்கே மண்ணில் குழியாகக் கிடக்கிறது.

நெய்வேலிச் சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பதில் பயனில்லை என்பது என் கருத்து. சுரங்கம் தோண்ட 1956இல் எடுத்த முடிவு அன்றைய பற்றாக்குறைகளின்படி சரியானது. அதற்குப் பிறகு பற்றாக்குறை இடம் மாறியிருக்கிறது. அன்று மின்சாரம் அரிதாக இருந்தது, நிலமும் நீரும் தாராளமாகத் தெரிந்தன. இன்று மின்சாரத்துக்கு வேறு வழிகள் வந்துவிட்டன, நன்செய் நிலத்துக்கும் நிலத்தடி நீருக்கும் வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு புதிய ஏக்கரையும் பழைய கணக்கை வைத்தே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பழைய கணக்கின் நியாயத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். சென்னை மாகாணத்தின் மின்சாரம் பெரும்பாலும் அருவியிலிருந்தும் அணையிலிருந்தும் வந்தது. பைக்காரா 1932இல், மேட்டூர் 1937இல், பாபநாசம் 1944இல் மின்சாரம் தரத் தொடங்கின. மூன்றுக்கும் மழை வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் வயலும் காயும், தறியும் நிற்கும். அனல் மின்சாரத்துக்கு வேண்டிய நிலக்கரியோ வங்காள, பீகார் சுரங்கங்களிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வரவேண்டும். அந்தச் செலவும், ரயில் வேகன் கிடைக்காத தாமதமும் தென்னாட்டின் ஒவ்வொரு ஆலையின் கணக்கிலும் ஏறின.

இந்த நிலையில்தான் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் தோண்டிய கிணற்றிலிருந்து கறுப்பாக ஒரு பொருள் வெளிப்பட்டது. அது 1930களின் நடுப்பகுதி. தண்ணீர் தேடிய இடத்தில் எரிபொருள் கிடைத்தது. அது நல்ல நிலக்கரியன்று, பாதி எடை ஈரமாக உள்ள பழுப்பு நிலக்கரி, அதாவது லிக்னைட். தொலைவுக்கு ஏற்றிச் சென்று விற்றால் கட்டுப்படியாகாது, எடுத்த இடத்திலேயே எரித்தால்தான் லாபம். சுரங்கமும் அனல் மின் நிலையமும் குடியிருப்பும் ஒரே இடத்தில் குவிந்ததற்கு அந்த ஈரமே முதல் காரணம்.

1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962இல் சோவியத் உதவியுடன் கட்டிய முதல் 50 மெகாவாட் அலகு ஓடியது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒரு டன்னும் கிடைக்காமல் மண்ணை மட்டும் அள்ளியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம், பாசனம், மருத்துவமனை என ஆயிரம் தேவைகள் வரிசையில் நின்ற ஏழை நாட்டில் இவ்வளவு பணத்தை இவ்வளவு காலம் மண்ணுக்குள் போட்டது மிகப் பெரிய விட்டுக்கொடுத்தல். ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்களை இங்குள்ள கடினமான மணற்பாறை தேய்த்துத் தள்ளியது. வெடி வைத்துத் தளர்த்திய பிறகே வெட்ட முடிந்தது. இவ்வளவையும் தாண்டி அந்த மின்சாரம் வந்தது. தமிழகக் கிராமங்களில் பம்ப்செட் பரவியதிலும், ஊர்தோறும் விளக்கு எரிந்ததிலும், ஆலைகள் வந்ததிலும் நெய்வேலியின் பங்கு பெரிது. இதைச் சொல்லாமல் சுரங்கத்தின் கேடுகளை மட்டும் பட்டியலிடுவது நேர்மையாகாது.

ஆரம்பத் திட்டத்தில் ஒரு டன் லிக்னைட்டுக்கு மூன்று போட்டியாளர்கள் இருந்தனர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். கொதிகலனில் எரித்து மின்சாரம் எடுக்கலாம், வாயுவாக்கி யூரியா செய்யலாம், கட்டியாக அழுத்திக் கரியாக்கி வீட்டு அடுப்புக்கு அனுப்பலாம். ‘லெகோ’ என்ற பெயரில் வந்த அந்தக் கரியை நடுத்தர வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உர ஆலையும் கரி ஆலையும் பின்னர் மூடப்பட்டன. ஏறத்தாழ எல்லா லிக்னைட்டும் மின்சாரத்துக்கே போயிற்று.

இனி தண்ணீர். நெய்வேலியின் பொருளியலில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் மிக அதிகமாகப் பேசப்பட வேண்டியதும் இதுதான்.

நிலக்கரிப் படிவத்துக்கு மேலே 50 முதல் 100 மீட்டர் வரை மண்ணும் மணற்பாறையும். ஒரு டன் எடுக்க ஐந்தரை முதல் ஏழு கனமீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. படிவத்துக்குக் கீழே நீர்தாங்கி. அதிலுள்ள நீர் சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளுகிறது. இந்த அழுத்தத்தைக் குறைக்காமல் மேல்மண்ணை எடுத்தால் நிலக்கரித் தளமே பெயர்ந்து சுரங்கம் வெள்ளக்காடாகிவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றிலும் கிணறுகள் போட்டு, இரவு பகல் பாராமல் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1961லிருந்து அந்த இறைப்பு நின்றதில்லை. நிற்கவும் முடியாது.

இறைத்த நீர் முழுவதும் வீணாகிறது என்று சொல்ல முடியாது. அனல் மின் நிலையங்களும் டவுன்ஷிப்பும் அதைப் பயன்படுத்துகின்றன. மிச்சம் வாலாஜா ஏரி, பரவனாறு வழியாகச் சேத்தியாத்தோப்புப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. சென்னை தாகத்தில் தவித்த ஆண்டுகளில் வீராணம் குழாய் வழியே நெய்வேலிப் பகுதியின் நீரும் தலைநகருக்குப் போயிருக்கிறது. சுரங்க நீரை நம்பி முப்போகம் பார்க்கும் விவசாயிகளும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஒரு காலத்தில் துளை போட்டால் நீர் தானாகப் பொங்கி வழிந்த ஊர்களில் இன்று நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குக் குழாய் இறக்குகிறார்கள். கால்வாய் எட்டும் ஊருக்குச் சுரங்கம் நீர் கொடுக்கிறது. எட்டாத ஊரின் கிணற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஒருவரின் உற்பத்தி, சந்தைக்கு வெளியே இன்னொருவர்மேல் சுமத்தும் செலவைப் புறவிளைவு என்கிறது பொருளியல். 1920இல் ஆர்தர் பிகூ இதற்குச் சொன்ன மருந்து, செலவைச் சுமத்துபவர்மேல் அதே அளவுக்கு வரி. 1960இல் ரொனால்ட் கோஸ் வேறு வழி காட்டினார். உரிமை யாருடையது என்று தெளிவாக எழுதியிருந்து, பேரம் பேசுவதற்கான செலவும் இல்லையென்றால், இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்றார். நெய்வேலியில் இந்த இரண்டுமே கைகொடுக்கவில்லை. நிலத்துக்குப் பட்டா உண்டு, அடியில் ஓடும் நீருக்குப் பட்டா கிடையாது. சுரங்கத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருப்பவரின் கிணறு இறங்கினால் அவர் யாரிடம் எந்த உரிமையைக் காட்டுவார்? அவருடைய நிலம் கையகப்படுத்தப்படவில்லை. ஆகவே இழப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆழப்படுத்திய போர்வெல்லுக்கு வாங்கிய கடன் அவர் வீட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. நெய்வேலி மின்சாரத்தின் ஒரு யூனிட் விலையில் அது சேர்வதில்லை. அந்த மின்சாரம் மலிவு என்று நாம் சொல்லும்போது, அந்த மலிவில் ஒரு பகுதியை இந்தக் குடும்பங்கள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

நிலத்துக்கு வருவோம். ‘உற்பத்தி வாய்ப்பு வளைகோடு’ என்று பாடநூலில் ஒரு படம் உண்டு. இரண்டு பொருள்களில் ஒன்றைக் கூட்டக் கூட்ட, மற்றொன்றில் விட வேண்டிய அளவும் படிப்படியாகக் கூடும் என்பதால் அது வெளிப்புறமாக வளைந்திருக்கும். ஏன் கூடுகிறது? முதலில் மாற்றப்படும் வளம் பழைய வேலைக்கு அவ்வளவு ஏற்றதாக இருக்காது. போகப்போக, அந்த வேலைக்கு மிகப் பொருத்தமான வளத்திலேயே கைவைக்க நேரும். நெய்வேலியின் வரைபடத்தில் இந்த வளைவு அப்படியே தெரிகிறது. முதல் சுரங்கம் தோண்டப்பட்டது செம்மண் மேட்டுநிலத்தில். முந்திரியும் மானாவாரிப் பயிரும் விளையும் மண் அது. இரண்டாம் சுரங்கம் விரிவடைந்து நகரும் திசையிலோ மேல்வளையமாதேவி, கீழ்வளையமாதேவி, கத்தாழை, கரிவெட்டி, மும்முடிச்சோழகன் என்று நெல் விளையும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே எடுக்கும் ஒவ்வொரு ஏக்கரின் வாய்ப்புச் செலவும் 1957இல் எடுத்த ஏக்கரின் செலவைவிட மிக அதிகம். சுரங்க நீரே அந்த வயல்களில் சிலவற்றை வளமாக்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக இந்தச் சுரங்கம் உலகத்துக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்வியால் அடுத்த ஏக்கரைப் பற்றி முடிவெடுக்க முடியாது. இறுதிநிலை ஆய்வு என்று பொருளியல் சொல்வது இதைத்தான்: இந்த ஓர் ஏக்கரால் கூடுதலாக வருவது என்ன, போவது என்ன?

போவதை யார் கணக்கிடுகிறார்கள் என்பது அடுத்த சிக்கல். ராபின்ஸின் இலக்கணத்தில் தேர்ந்தெடுப்பவரும் விட்டுக்கொடுப்பவரும் ஒருவரே. நெய்வேலியில் அப்படியில்லை. தேர்ந்தெடுப்பது டெல்லியிலுள்ள நிலக்கரி அமைச்சகமும் நிறுவனத்தின் இயக்குநர் குழுவும். நிலத்தை எடுத்துக் கொடுப்பது மாநில வருவாய்த் துறை. மின்சாரத்தை அனுபவிப்பது தென்மாநிலங்கள். விட்டுக்கொடுப்பது ஐந்தாறு ஊர்கள். ராபின்ஸே அதே நூலில் இன்னொன்றையும் வலியுறுத்தினார். ஒருவருடைய மனநிறைவை இன்னொருவருடையதோடு ஒப்பிட்டு அளக்க அறிவியலிடம் கருவி இல்லை என்றார். இதனால் ஒரு பெரிய முட்டுக்கட்டை எழுந்தது. யாருக்கும் நட்டமில்லாத திட்டம் உலகில் எது? அப்படியானால் பொருளியலாளர் எந்தத் திட்டத்தையும் பரிந்துரைக்கவே முடியாதா?

1939இல் நிக்கோலஸ் கால்டரும் ஜான் ஹிக்ஸும் ஒரு வழி சொன்னார்கள். லாபம் அடைந்தவர்கள் நட்டம் அடைந்தவர்களுக்கு ஈடுகட்டிய பிறகும் லாபத்தோடு இருக்க முடியும் என்றால் அந்தத் திட்டம் நல்லது என்றார்கள். ஈடுகட்ட முடிந்தால் போதும், கட்டித்தான் ஆக வேண்டும் என்பது அந்த அளவுகோலில் இல்லை. இன்று உலகெங்கும் அணைக்கும் சாலைக்கும் சுரங்கத்துக்கும் போடப்படும் செலவு-பலன் கணக்குகளின் அடித்தளம் இதுதான். வளர்ச்சித் திட்டங்களால் இடம்பெயர்ந்தவர்களின் துயரத்தில் பெரும்பகுதி, ‘ஈடுகட்ட முடியும்’ என்பதற்கும் ‘ஈடுகட்டியாயிற்று’ என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளியில் விளைந்தது என்று எண்ணுகிறேன்.

நெய்வேலியில் அந்த இடைவெளி தலைமுறைக்குத் தலைமுறை வேறுபட்டிருக்கிறது. முதல் கட்டத்தில் நிலம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த தொகை சொற்பம். ஆனால் அந்தக் குடும்பங்களில் பலருக்கு நிறுவனத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. சம்பளம், குவார்ட்டர்ஸ், மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையையே மாற்றிய வேலை அது. பின்னால் வந்தவர்களுக்கு ஏக்கருக்கான தொகை பலமடங்கு உயர்ந்தது. அண்மைய பேச்சுவார்த்தைகளில் 25 லட்சம் வரை வந்தது. ஆனால் நிரந்தர வேலை என்ற கதவு ஏறத்தாழ மூடிவிட்டது, ஒப்பந்த வேலைதான் மிச்சம். ‘பணம் வேண்டாம், பர்மனென்ட் வேலை கொடுங்கள்’ என்று அந்த ஊர் மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்பதைப் பிடிவாதம் என்று எண்ணுபவர்கள் உண்டு. அது சரியான பொருளியல். நிலம் ஆண்டுதோறும் வருமானம் தரும் சொத்து. அதற்கு ஈடு, ஆண்டுதோறும் வருமானம் தரும் இன்னொன்றாகத்தான் இருக்க முடியும். மொத்தமாக வரும் பணத்தை அப்படிப்பட்ட சொத்தாக மாற்றும் வாய்ப்பு கிராமத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது? பக்கத்து ஊரில் நிலம் வாங்கலாம் என்றால், சுரங்கம் வருகிறது என்ற செய்தியோடு அங்கும் விலை ஏறியிருக்கும். அல்லது அந்த ஊரும் அடுத்த பட்டியலில் இருக்கும்.

பட்டா இல்லாதவர்களின் நிலை இதைவிடக் கடினம். ஏக்கர் கணக்கில் இழப்பீடு என்றால் அது ஏக்கர் உள்ளவருக்கு. நடவுக்கும் களையெடுப்பிற்கும் போகும் பெண்கள், குத்தகைக்குப் பயிரிடுபவர், வயல் வரப்பில் மாடு மேய்ப்பவர் ஆகியோர் இழப்பது ஆண்டில் இத்தனை நாள் கூலி, இவ்வளவு வைக்கோல், இவ்வளவு நெல். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் நிலமில்லாதவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்றுக்கொண்டது. அது பெரிய முன்னேற்றம். ஏட்டிலிருந்து அது ஊருக்கு வந்து சேர்வதற்குள் வயல் போய்விடுகிறது.

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் நடந்ததைத் தமிழகம் தொலைக்காட்சியில் பார்த்தது. பரவனாற்றை மாற்றுப் பாதையில் திருப்புவதற்கான கால்வாய் வேலைக்காக, விளைந்துகொண்டிருந்த நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிறுவனத்தின் தரப்பு இது: இந்த நிலங்கள் 2006க்கும் 2013க்கும் இடையில் சட்டப்படி எடுக்கப்பட்டுப் பணமும் கொடுக்கப்பட்டுவிட்டது. சுமார் 12 கிலோமீட்டர் கால்வாயில் ஒன்றரை கிலோமீட்டர்தான் பாக்கி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதை முடிக்காவிட்டால் வெள்ளம் சுரங்கத்துக்குள் வரும், மின் உற்பத்தி பாதிக்கப்படும். விவசாயிகளின் தரப்பு: பின்னால் எடுத்த நிலத்துக்குப் பலமடங்கு கொடுத்துவிட்டு எங்களுக்கு மட்டும் பழைய விலையா? இத்தனை ஆண்டும் பயிர் செய்ய விட்டுவிட்டுக் கதிர் வரும் நேரத்தில் அழிப்பதா? இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய முற்றுகைப் போராட்டம் கலவரமாகி, போலீஸ் வானத்தை நோக்கிச் சுடும் நிலை வரை போயிற்று. வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி தண்டபாணி, அறுவடை முடியும்வரை இரண்டு மாதம் பொறுத்திருக்க முடியாதா என்று வேதனையோடு கேட்டார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவானது.

அந்தக் கேள்வி முழுக்க முழுக்க ஒரு பொருளியல் கேள்வி. ஒரு பக்கம் இரண்டு மாதத் தாமதம், மழை முந்திக்கொள்ளும் ஆபத்து. மறு பக்கம் விதை, உரம், உழைப்பு எல்லாம் போட்டு முடித்து, விளைச்சல் மட்டும் மிச்சமிருக்கும் பயிர். நெல்லில் செலவெல்லாம் முன்னால், வரவு எல்லாம் கடைசியில். விதைக்கும் முன்பே நிறுத்தியிருந்தால் இழப்பு மிகச் சிறியது, அறுவடைக்குப் பின் எடுத்திருந்தால் ஏறத்தாழ இல்லை. நடுவில் எடுத்ததால்தான் இழப்பு உச்சத்தில் இருந்தது. பத்தாண்டுக்கு முன்பே எடுத்த நிலம் என்றால், எந்த மாதம் இறங்குவது என்று திட்டமிடப் பத்தாண்டு இருந்திருக்கிறது. இங்கே பற்றாக்குறையாக இருந்தது காலமன்று, அந்த வயலைத் தம் கணக்கில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளும் அக்கறை. வளையமாதேவிக்குப் பக்கத்து வடலூரில்தான் வள்ளலார் 1867இல் தரும சாலையைத் தொடங்கினார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வாடும் பயிருக்காகவும் மனம் இரங்கச் சொன்ன ஒருவரின் மண்ணில் விளைந்த பயிர்மேல் இயந்திரம் ஓடியதை அந்தப் பகுதி மக்களால் வெறும் பண இழப்பாகப் பார்க்க முடியவில்லை. இழப்பின் அந்தப் பக்கத்தை 40,000 ரூபாய் தொடாது.

பங்கீட்டின் அரசியலையும் தொட்டுச் செல்ல வேண்டும். 2002 அக்டோபர் 12 அன்று பாரதிராஜா தலைமையில் தமிழ்த் திரையுலகம் நெய்வேலியில் திரண்டது. காவிரி நீர் தராத கர்நாடகத்துக்கு நெய்வேலி மின்சாரம் போகக்கூடாது என்பது கோரிக்கை. ஓர் அரிய வளத்தை இன்னோர் அரிய வளத்துக்குப் பேரமாக வைத்த அந்த நாளில் நெய்வேலி ஒரு மின் நிலையம் என்பதைத் தாண்டித் தமிழ்நாட்டின் கைப்பொருளாகப் பேசப்பட்டது. 2006இல் நிறுவனத்தின் பத்துச் சதவீதப் பங்குகளை விற்க மத்திய அரசு முனைந்தபோது ஆளும் கூட்டணியே ஆட்டம் கண்டது, திட்டம் கைவிடப்பட்டது. 2013இல் மீண்டும் விற்பனை வந்தபோது தமிழக அரசின் நிறுவனங்கள் சுமார் 358 கோடி ரூபாய் கொடுத்து 3.56 சதவீதப் பங்குகளை வாங்கின. அந்தத் தொகையில் வேறு எவ்வளவோ செய்திருக்கலாம். செய்யாமல் இதை வாங்கியதால், நெய்வேலிமேல் தமிழ்நாடு வைத்திருக்கும் மதிப்பு எவ்வளவு என்று ஓரளவு தெரிந்தது. அந்த அக்கறை மேல்வளையமாதேவிக்கும் கரிவெட்டிக்கும் அதே வேகத்தில் வந்து சேரவில்லை என்பது என் ஆதங்கம்.

தீர்ந்துபோகும் வளத்தைப் பற்றிய சிந்தனைக்கு நீண்ட மரபுண்டு. 1931இல் ஹெரால்டு ஹோட்டலிங், நிலத்தடியில் கிடக்கும் தாதுவும் ஒரு முதலீடுதான் என்றார். இன்று எடுத்து விற்றுப் பணத்தை வட்டிக்கு விடுவதா, நாளை விலை ஏறும்வரை விட்டுவைப்பதா என்பதே சுரங்க உரிமையாளரின் தேர்வு. 1977இல் ஜான் ஹார்ட்விக், தீர்ந்துபோகும் வளத்திலிருந்து வரும் உபரியை உண்டு தீர்க்காமல் நீடித்த மூலதனமாக மாற்றினால்தான் அடுத்த தலைமுறை ஏழையாகாது என்று காட்டினார். நார்வே தன் எண்ணெய்ப் பணத்தைத் தனி நிதியாக வைத்தது இந்த எண்ணத்துக்கு நெருக்கமானது. ஆனால் இவர்களுக்கு இணையாக நாம் படிக்க வேண்டியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. இயற்கையின் வளங்களை அவர் இரண்டாகப் பிரித்தார். தேங்கி நிற்பவை, ஓடிக்கொண்டிருப்பவை. நிலக்கரியும் எண்ணெயும் முதல் வகை, எடுக்க எடுக்கக் குறையும். மழை, வெயில், விளைச்சல், கால்நடை இரண்டாம் வகை, மதித்து நடந்தால் வந்துகொண்டே இருக்கும். தேக்கத்தை நம்பிய பொருளாதாரம் சண்டையில் முடியும், ஓட்டத்தை நம்பியது நிலைத்திருக்கும் என்பது அவர் நிலை. நெய்வேலியில் தேக்கத்தை எடுப்பதற்காக ஓட்டத்தை அழிக்கிறோம். லிக்னைட் என்றாவது ஒருநாள் தீர்ந்துவிடும். அந்த வயலை விட்டுவைத்தால் சோழர் காலத்தைப் போலவே விளைந்துகொண்டிருக்கும்.

2023 ஜனவரியில், வளையமாதேவிக்கு ஆறு மாதம் முன்பு, ஜெர்மனியின் ரைன்லாந்தில் லூட்ஸெராத் என்ற சிற்றூரைக் கார்ட்ஸ்வைலர் லிக்னைட் சுரங்கத்துக்காகப் போலீஸ் காலி செய்தது. அங்கும் போராட்டம், அங்கும் ‘மின்சாரத்துக்கு இது தேவை’ என்ற வாதம். வேறுபாடு ஒன்றுண்டு. அந்த ஊரை எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்திலேயே, அப்பகுதியில் நிலக்கரி மின்சாரத்தை 2030இல் நிறுத்துவது என்றும், மேலும் ஐந்து ஊர்களை விட்டுவிடுவது என்றும் எழுதப்பட்டது. நாடு முழுவதற்கும் கடைசி ஆண்டு 2038 என்று ஏற்கெனவே சட்டம் இருந்தது. நிலக்கரி மாவட்டங்கள் வேறு தொழிலுக்கு மாற 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கவும் சட்டம் செய்தார்கள். விட்டுக்கொடுத்தவர்கள் எதற்காக விட்டுக்கொடுத்தோம், இதோடு முடிகிறதா என்ற கேள்விக்குத் தேதியோடு ஒரு பதில் இருந்தது. நெய்வேலியைச் சுற்றிய ஊர்களுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. அடுத்தது எந்த ஊர் என்று தெரியாததால், கிணறு வெட்டுவதா, வீடு கட்டுவதா, தென்னை வைப்பதா என்று எந்த நீண்டகால முடிவையும் குடும்பங்களால் எடுக்க முடிவதில்லை. அந்தத் தயக்கத்தின் விலையும் எங்கும் எழுதப்படுவதில்லை.

தேதி குறிப்பதில் உள்ள தடையையும் ஒளிக்காமல் பேச வேண்டும். 600 மெகாவாட்டாக வளர்ந்து நின்ற முதல் அனல் மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. அதன் இடத்துக்கு 500 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட புதிய நிலையம் வந்திருக்கிறது. ஒரு யூனிட்டுக்குப் பழையதைவிடக் குறைந்த லிக்னைட் போதும் என்பது உண்மையான ஆதாயம். ஆனால் இத்தகைய நிலையம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஓடுவதற்காகக் கட்டப்படுவது. கொதிகலன் இருக்கிறது, அதற்குத் தீனி வேண்டும், ஆகவே நிலம் வேண்டும் என்று வாதம் பின்னோக்கி நடக்கிறது. பொருளியல் இந்த இடத்தில் கறாரானது. போட்டுவிட்டுத் திரும்பப் பெற முடியாத செலவை இனி எடுக்கும் முடிவில் சேர்க்கக்கூடாது. இனிமேல் ஆகும் செலவையும் இனிமேல் வரும் பலனையும் மட்டும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும், கட்டி முடித்த நிலையத்தில் சுரங்க வாயிலிலேயே எரியும் லிக்னைட் மின்சாரம் பல காலம் தாக்குப்பிடிக்கும். ஏற்கெனவே எடுத்த நிலத்திலிருந்து வரும் லிக்னைட்டுக்கு அது பொருந்தும். இன்னும் எடுக்காத நன்செய்க்குப் பொருந்துமா என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். அதே நிறுவனம்தான் இன்று தென்மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான மெகாவாட் சூரிய மின்சாரம் எடுக்கிறது. ஒரு யூனிட்டுக்கு மாற்று இல்லாதிருந்த 1956இன் நிலைமை இப்போது இல்லை என்பதை அதுவே நிரூபித்திருக்கிறது. வெயில் இரவில் இல்லை, சேமிப்புக்குச் செலவாகும் என்பது சரியான மறுப்பு. அந்தச் செலவை ஒரு தட்டிலும், நீர்தாங்கியையும் நெல்லையும் இடம்பெயரும் ஊரையும் மறு தட்டிலும் வைத்துப் பார்க்கட்டும் என்பதே கோரிக்கை.

2020இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றியபோது காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய கடலூர் மாவட்ட ஒன்றியங்கள் அதில் சேர்ந்தன. 2023 ஏப்ரலில் டெல்டாவை ஒட்டிய லிக்னைட், நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் வந்தபோது மாநிலமே ஒரே குரலில் எதிர்த்தது, சில நாளில் அவை நீக்கப்பட்டன. மண்டலக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நெல்லுக்கு முன்னுரிமை, அந்தப் பக்கம் நிலக்கரிக்கு. கோட்டின் இரு பக்கமும் விளைவது ஒரே நெல், குடிப்பது ஒரே நீர்.

கையில் இருக்கும் கருவிகளைக் கொண்டே சிலவற்றைத் தொடங்கலாம். 2015இல் கனிமச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. பழைய குத்தகைகளில் உரிமத்தொகையில் 30 சதவீதத்துக்கு இணையான தொகை அதற்குக் கூடுதலாகச் செலுத்தப்பட வேண்டும். கடலூரில் சேரும் இந்தப் பணத்தின் முதல் உரிமை, நிலம் எடுக்கப்படாமலேயே நீரை இழந்த ஊர்களுக்கு இருக்க வேண்டும் என்பேன். அதற்கு முன்னால் ஒரு பட்டியல் வேண்டும். சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரிலும் கிணற்று மட்டம் எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு இறங்கியது, எவ்வளவு நீர் இறைக்கப்பட்டு எங்கே போனது என்று கிராமசபையில் படித்துக்காட்டக்கூடிய தமிழ்ப் பட்டியல். அடுத்த நில எடுப்பு அறிவிப்பு வரும்போது, அந்த ஏக்கரிலிருந்து வரும் டன், அதிலிருந்து வரும் யூனிட் ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே அந்த ஏக்கரின் நெல், அதில் வேலைபார்ப்பவர்களின் கூலி நாள், அதன் கிணற்று மட்டம் மூன்றும் அச்சாகட்டும். கையெழுத்துப் போடுபவரும் கைவிட வேண்டியவரும் ஒரே தாளைப் படித்துவிட்டுப் பேச உட்காரட்டும்.